மூஞ்சி வராதுல்ல?

1

இந்தக் கதை ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கைக்காகக் கேட்கப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் கனவில் வந்து என் காதில் ஓதவில்லை. ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்து யாரும் அழவும் இல்லை. அமராவதி போன் பண்ணினாள், அவ்வளவுதான்.

"எங்கிட்ட வர்ற ஒரு புள்ளயப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுடி. படிக்கிறவங்களுக்குக் கண்ணுல தண்ணி வரணும். ஆனா யாரு என்னான்னு துளிகூடத் தெரியக் கூடாது. கடைசில நல்லபடியா முடியணும்."

"நெசத்துல நல்லபடியா முடிஞ்சுதா?"

"எங்கடி முடிஞ்சுது? கேஸு நடந்துக்கிட்டே இருக்கு."

"அப்ப நான் எப்படி முடிக்கிறது?"

"அதுக்குத்தான ஒன்னக் கேக்குறேன்" என்றாள்.

அமராவதி என்னோடு சிதம்பரத்தில் ஒன்றாகப் படித்தவள். மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடை மாடியில், இரண்டு அறையில் ஒரு மையம் நடத்துகிறாள். வெளியே போர்டில் 'தையல் பயிற்சி' என்று போட்டிருக்கும். உள்ளே ஒரு தையல் மிஷினும் உண்டு, ஓடாது. அந்தப் படியில் ஏறும் பெண்ணைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது, அதற்காகத்தான் போர்டு. வன்கொடுமைக்கு ஆளான பெண்கள் அங்கே வருவார்கள். அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போவது, ஸ்டேஷனுக்குப் போவது, கடலூர் கோர்ட்டுக்குப் போய் வராந்தாவில் கூடவே உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் அமராவதியின் வேலை. மீதி நாளில் பள்ளிக்கூடங்களுக்கும் முந்திரிக் கொட்டை உடைக்கிற கொட்டாய்களுக்கும் போய், நடக்காமல் இருக்க என்ன வழி என்று பேசுவாள். முக்கியமாக ஆம்பளைகளிடம் பேசுவாள். இதற்கெல்லாம் பணம் கொடுத்துக்கொண்டிருந்தது கடலூரில் உள்ள ஒரு ரசாயனக் கம்பெனி. பெயர் வேண்டாம், நானே இட்டுக்கட்டிய கம்பெனிதான்.

அந்த ஒரு பக்கத்தை நான் எழுதித் தரவில்லை. உட்கார்ந்தால் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் படிப்பது அதற்குப் பதிலாக வந்தது.

2

சரி, எப்படித் தொடங்குவது?

"பலாப்பழ வாசனை கமழும் பண்ருட்டிச் சாலையில்..." ச்சீ. பிரச்சினையைச் சொல்லச் சொன்னால் சுற்றுலா கூட்டிக்கொண்டு போகிறேன்.

"அன்றைக்குச் சாயங்காலம் அவள் வேலை முடிந்து..." இதையும் நிறுத்திவிட்டேன். அந்தச் சாயங்காலம்தான் எல்லாருக்கும் வேண்டும். அந்தப் பெண் போலீசிடம் ஒருமுறை சொன்னாள், டாக்டரிடம் சொன்னாள், மாஜிஸ்திரேட்டிடம் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் இனிமேல்தான் கேட்கப் போகிறார், அதுவும் சாவகாசமாக. இப்போது கம்பெனிக்காரர்களும் கேட்கிறார்கள். நடுவில் நான் வேறு கதை எழுதுகிறேன் என்று பேனாவைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கவேண்டுமா? அந்தச் சாயங்காலம் இந்தக் கதையில் வராது. அதற்காகத்தான் படிக்க வந்தீர்கள் என்றால் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

"அவளுக்கு வயது இருபத்"

"அவளுடைய அப்பா அண்ணாகிராமம் பக்கம் ஒரு"

பாருங்கள், பாதியில் நிற்கிறது. அப்பா என்ன தொழில், எந்தத் தோப்பு என்று எழுதினால் கதைக்கு உயிர் வரும். உயிர் வந்தால் ஆள் தெரிந்துவிடும். எங்கள் பக்கத்தில் ஒருவரை அடையாளம் காட்டப் பெயரெல்லாம் தேவையே இல்லை. "அந்த வேப்ப மரத்து வீட்டுக்குப் பின்னாடி" என்றால் போதும், மூன்று தலைமுறையைச் சொல்லிவிடுவார்கள்.

கூப்பிட ஒரு பெயராவது வேண்டுமே. சத்யப்பிரியா என்று வைத்துக்கொள்கிறேன். முந்திரிக் கொட்டாயில் கொட்டை உடைக்கிறவள். கல்யாணம் ஆகவில்லை. அம்மாவும் அவளும் மட்டும்.

[இந்த இடத்தில் 'அவனை'ப் பற்றி ஒரு பத்தி இருந்தது. என்ன சட்டை போடுவான், எப்படிச் சிரிப்பான், ஊரில் என்ன பேர். நன்றாகவே வந்திருந்தது. அடித்துவிட்டேன். போகிற இடமெல்லாம் அவன் பேச்சுத்தான். நல்ல குடும்பமாம், எதிர்காலம் பாழாகிவிடுமாம், அம்மாவுக்கு நெஞ்சு வலியாம். நாசமாப் போகட்டும். இந்தக் கதையில் அவனுக்கு இடம் கிடையாது.]

3

இனி அமராவதியின் பக்கத்திலேயே நின்று சொல்கிறேன். போன வருஷம் நடந்தது இது.

மகளிர் தினத்துக்கு ஒரு படம் வேண்டும் என்று கம்பெனியில் இருந்து ஸ்ரீதர் கேட்டான். நன்கொடைப் பிரிவுக்கு அவன்தான் அதிகாரி. கெட்டவன் கிடையாது, அதுதான் கொடுமை. மேடம் மேடம் என்று மரியாதையாகப் பேசுவான், பிறந்தநாளுக்கு வாழ்த்து அனுப்புவான்.

"முகம் வேணாம் மேடம். நமக்கும் தெரியும்ல? வேலை செய்யிற கை மட்டும் போதும். நம்பிக்கை குடுக்குற மாதிரி இருக்கணும்."

அமராவதிக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சத்யப்பிரியாவின் வீட்டுப் பின்கட்டில், பழைய சாக்கை விரித்து, நாலு கொட்டையை முன்னால் போட்டு உட்காரவைத்தார்கள். கொட்டையை உடைக்கும்போது தெறிக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும் என்று உடைக்கிறவர்கள் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள். சாம்பல் பூசின கை, தூக்கின கட்டை, விரல் நுனியெல்லாம் கறுப்பு. வந்த போட்டோகிராபர் சொக்கிப்போய்விட்டான்.

"மூஞ்சி வராதுல்லக்கா?" என்று சத்யப்பிரியா கேட்டாள்.

"வராதுடி. நான் பாத்துக்கிறேன். கை மட்டுந்தான்."

"அப்பச் சரி."

எல்லாம் கேட்டுத்தான் எடுத்தார்கள். அவளும் மனசார ஒத்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். பெயர் இல்லை, ஊர் இல்லை, முகம் இல்லை, சட்டப்படி ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

மகளிர் தினத்தன்று அந்தக் கை பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பிளெக்ஸாக நின்றது. லாரியை விடப் பெரிசு. கீழே கொட்டை எழுத்தில், 'பாலியல் வன்கொடுமையை வென்று எழுந்த கை'.

சத்யப்பிரியா இடக்கைப் பழக்கம் உள்ளவள். எங்கள் பக்கம் எடக்கைக்காரி என்போம். படத்தில் கட்டையைத் தூக்கியிருந்ததும் இடக்கைதான். கொட்டாயில் பெண்கள் வரிசையாக நெருக்கி உட்கார்ந்துதான் உடைப்பார்கள். இடக்கையால் அடிக்கிறவள் நடுவில் உட்கார்ந்தால் அடுத்தவள் முழங்கையில் இடிக்கும். அதனால் எடக்கைக்காரிக்கு எப்போதும் வரிசைக் கடைசிதான். அந்தக் கொட்டாயில் எடக்கைக்காரி என்றால் அவள் ஒருத்திதான். இதெல்லாம் கொட்டாயில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சிதம்பரத்து அமராவதிக்கு எப்படித் தெரியும்? அவள் கொட்டாய்களுக்குப் பேசப் போனபோதெல்லாம், முதலாளிகள் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரையும் அவள் முன்னால் கைகட்டி உட்காரவைத்திருந்தார்கள்.

முதலில் பார்த்தது ராசம்மாள். வரிசையில் சத்யப்பிரியாவுக்கு அடுத்து உட்காருகிறவள். ராசம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கினவள் பிளெக்ஸை அண்ணாந்து பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாக நின்றிருக்கிறாள்.

"ஏ, இங்க பாருங்கடி, நம்ம புள்ள கையி! நம்ம சத்யா கையி! எம்மாம் பெருசா வச்சிருக்கானுவ!"

கூட வந்த நாலு பேரும் கூடிவிட்டார்கள். என்ன போட்டிருக்கிறது என்று பக்கத்தில் நின்ற ஒரு ஆளை ராசம்மாளே கேட்டாள். அந்த ஆள் படித்துக் காட்டினான், சத்தமாக, ஒரு எழுத்து விடாமல்.

அதுவரை ஊரில் யாருக்கும் தெரியாது. கோர்ட்டுக்குப் போகும் நாளெல்லாம் 'பெரியப்பா வகையில் சொத்துத் தகராறு' என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ராசம்மாள் சத்யப்பிரியா வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாளாம். கொட்டாய் முதலாளி அழவெல்லாம் இல்லை. கொஞ்ச நாளைக்கு வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அமராவதி ஸ்ரீதருக்குப் போன் போட்டாள். "மேடம், முகமே இல்லையே மேடம்? லீகல்ல பாத்துத்தான் ஓகே பண்ணாங்க. செம ரெஸ்பான்ஸ் மேடம்" என்றான். போனை வைத்தாள். பஸ் ஏறிப் பண்ருட்டிக்குப் போனாள். கடையில் பிளேடு ஒன்று வாங்கி, பட்டப்பகலில் கயிற்றை அறுத்தாள். பிளெக்ஸ் சரிந்து அவள் மேலேயே விழுந்தது. என்னம்மா பண்ற என்று கேட்ட போலீஸ்காரரிடம், எங்க போர்டுதான் சார் என்று சொல்லிவிட்டு அதைச் சுருட்டினாள்.

* நீங்கள் கேட்கலாம்: கை அடையாளம் காட்டிக் கொடுத்தது என்று இவ்வளவு பேசுகிறாயே, இப்போது நீயே எடக்கை என்று எழுதுகிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? நியாயமான கேள்வி. எடக்கை இல்லை. வேறு ஒன்று. முந்திரியாக இல்லாமலும் இருக்கலாம், பண்ருட்டியாக இல்லாமலும் இருக்கலாம். என்னவென்று சொல்லமாட்டேன். பண்ருட்டிப் பக்கம் எடக்கைக்காரி யாராவது இருந்தால் அந்தப் பெண்ணை முறைத்துப் பார்க்காமல் விடுங்கள்.

4

இந்த வருஷம் பணத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவு பண்ண கம்பெனியில் ஒரு கூட்டம். அமராவதி என்னிடம் அந்த ஒரு பக்கத்தைக் கேட்டதும் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான். ஸ்ரீதர் கூப்பிட்டான்.

"போன வருஷம் படம் போட்டோம்ல மேடம், அதே பொண்ணக் கமிட்டி முன்னால அஞ்சு நிமிஷம் பேச வச்சீங்கன்னா வேலை சுலபமா முடிஞ்சிடும். மூஞ்சிய துணியால மூடிக்கலாம். நாங்க தப்பா எடுத்துக்க மாட்டோம்."

தப்பா எடுத்துக்க மாட்டார்களாம்!

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பணம் நின்றுபோனால் மையத்தை மாதக் கடைசியில் மூட வேண்டியதுதான். சத்யப்பிரியாவை எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்யப் போவது அதற்கு அடுத்த மாதம். அமராவதிக்குப் பாண்டிச்சேரியில் ஒரு துணிக்கடையில் வேலை தயாராக இருக்கிறது, சேர்ந்தால் முதல் ஆறு மாதம் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சேவைதானே, சும்மாவே கோர்ட்டுக்குப் போய் வரலாமே என்று உங்களுக்குத் தோன்றினால் தயவுசெய்து அதை அமராவதியின் வீட்டுக்காரரிடம் சொல்லாதீர்கள், அந்த மனுஷனும் அதையேதான் கிண்டலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெண்கள் பார்க்கிற வேலை என்றால் வயிற்றுக்கு எதுவும் வேண்டாம் என்று யார் சொன்னது?

ஆக, பணயம் இதுதான். குறுக்கு விசாரணை அன்றைக்குச் சத்யப்பிரியா பக்கத்தில் ஒரு ஆள் இருப்பாளா, மாட்டாளா?

சத்யப்பிரியாவே மாடி ஏறி வந்தாள். பிளெக்ஸுக்கு அப்புறம் அவள் அமராவதியோடு சரியாகப் பேசியதில்லை. ஓடாத தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நான் வரேன்க்கா. பேசுறேன்."

"வேணாம்னு தோணுனா வேணான்டி."

"என்னா இருக்கு இனிமே மறைக்கிறதுக்கு? பஸ் ஸ்டாண்டே பாத்துடுச்சி. நாலு பேரு பாக்குறதுல என்னா ஜாஸ்தியாயிடப் போவுது?" என்றாள். பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "அன்னிக்கு கோர்ட்டுல ஒண்டியா நிக்க என்னால முடியாதுக்கா. அந்த ஆளு முன்னாடியே நிப்பான். ஒன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள்.

இங்கே எனக்கு அமராவதி மேல் சந்தேகம் வருகிறது. ஒரு நல்ல கதாபாத்திரம் என்றால் இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும்? 'முடியவே முடியாது, உன்னை மறுபடியும் விற்கமாட்டேன்' என்று சொல்ல வேண்டும். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். பொய். அமராவதி "சரி, வா" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அதனால் அவள் கெட்டவள் ஆகிவிடுவாளா? எனக்குத் தெரியவில்லை. அப்படிச் சொல்ல வைத்தவர்கள் யார் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

5

கடலூர். கம்பெனி ஆபீஸ், இரண்டாவது மாடி. கீழே வரவேற்பறையில் சத்யப்பிரியா துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். கூப்பிடும்போது வந்தால் போதும் என்று சொல்லிவிட்டு அமராவதி மட்டும் மேலே ஏறினாள்.

உள்ளே ஸ்ரீதரைத் தவிர நாலு பேர். மூன்று ஆண், ஒரு பெண். ஆளுக்கொரு தட்டில் முந்திரி வறுவல் வைத்திருந்தது. [இது என் கற்பனை. ஆனால் இந்த ஊரில் வேறு எதை வைப்பார்கள்?]

தலைமை உட்கார்ந்திருந்தவர் பேப்பரைப் புரட்டினார். "மேடம், போன வருஷத்த விட இந்த வருஷம் கேஸ் ஜாஸ்தி ஆயிருக்கே? தடுப்புப் பணின்னு போட்டிருக்கீங்க. நீங்க என்னத்தத் தடுத்தீங்க?"

"முன்னாடியும் நடந்துச்சி சார். அப்ப வெளிய சொல்லல. நாங்க போய்ப் பேசுனதுக்கு அப்புறம் வந்து சொல்றாங்க."

"அத எப்படி சார் ரிப்போர்ட்ல காட்டுறது?" என்று இன்னொருவர் கேட்டார். அமராவதியைக் கேட்கவில்லை, தலைவரைக் கேட்டார்.

"இதுக்குப் பதிலா பஸ் ஸ்டாப்ல கேமரா வச்சுக் குடுத்துடலாம் சார். கண்ணுக்குத் தெரியும்" என்றார் மூன்றாமவர்.

அந்தப் பெண் அதிகாரி பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

ஸ்ரீதர் நிலைமையைச் சரிக்கட்டப் பார்த்தான். "சார், அந்தப் பொண்ணு கீழதான் இருக்கு. நேர்லயே கேட்டுடலாம். மேடம், வரச் சொல்லுங்க. அஞ்சே நிமிஷம். டீட்டெய்லா ஒண்ணும் வேணாம், என்ன நடந்துச்சின்னு மட்டும் சொன்னாப் போதும்."

என்ன நடந்துச்சின்னு மட்டும்!

அமராவதி எழுந்தாள். கீழே போய்க் கூட்டிக்கொண்டு வரத்தான் எழுந்தாள், இதை அவளே என்னிடம் சொன்னாள். கதவு வரைக்கும் போனாள், கைப்பிடியைக்கூடப் பிடித்துவிட்டாள். அப்புறம் என்ன ஆனதோ, திரும்பினாள்.

"கூட்டியாரேன் சார். அதுக்கு முன்னாடி ஒண்ணு. ஒங்கள்ல யாராச்சும் ஒருத்தரு மொதல்ல சொல்லுங்க."

"என்னத்தச் சொல்றது?"

"ஒங்க வாழ்க்கையில நடந்ததுலயே எத வெளிய சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்கீங்களோ, அத. பெத்தவங்ககிட்டகூட சொல்லாதத. பேரு வேணாம், ஊரு வேணாம். கர்ச்சீப்பால மூஞ்ச மூடிக்குங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். அஞ்சு நிமிஷம் சார். நல்லா இருந்துச்சின்னா அந்தப் புள்ளையும் சொல்லும்."

ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வாட் நான்சென்ஸ் இஸ் திஸ், ஸ்ரீதர்?" என்றார். ஸ்ரீதர், "மேடம், ப்ளீஸ் மேடம்" என்றான்.

"ஏன் சார், முடியலல்ல? ஏசி ரூமு, மெத்த நாற்காலி, கேக்குறதுக்கு நாலே பேரு. ஒங்களால முடியல. அவ இதுவரைக்கும் எத்தினி பேருகிட்ட சொல்லியிருக்கா தெரியுமா? இன்னும் அந்த வக்கீலுகிட்ட சொல்லணும், செஞ்சவன் எதிர்ல நிக்க நிக்கச் சொல்லணும். அன்னிக்கு அவ பக்கத்துல ஒரு ஆளு ஒக்காரணும், அதுக்குத்தான் சார் காசு கேக்குறேன். அவ கதைய விக்கறதுக்கு நான் வரல." மறுபடி கைப்பிடியைப் பிடித்தாள். "வந்தேன். விக்கத்தான் வந்தேன். இப்ப முடியாதுங்குறேன்."

கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள்.

6

இப்போது முடிவு.

(அ) அந்தப் பெண் அதிகாரி படியில் ஓடிவந்து அமராவதியின் கையைப் பிடித்துக்கொள்கிறார். 'நான் பேசிப் பார்க்கிறேன்' என்கிறார். பணம் வருகிறது. இதை எழுதிப் பார்த்தேன், எனக்கே அழுகை வந்தது. அதனாலேயே கிழித்துப்போட்டேன்.

(ஆ) கம்பெனி மனம் மாறவில்லை, ஆனால் ஊர் மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மையத்தை நடத்துகிறார்கள். எந்த ஊர் மக்கள்? பஸ் ஸ்டாண்டில் படித்துக் காட்டினவரா? கொட்டாய் முதலாளியா?

(இ) அமராவதி துணிக்கடை வேலையை உதறிவிட்டுத் தியாகி

இல்லை. அவள் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டு நான் கைதட்டல் வாங்க மாட்டேன்.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அமராவதி கீழே வந்தாள். சத்யப்பிரியா எழுந்து நின்று துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அவள் தயாராகத்தான் இருந்தாள்.

"கூப்புட்டாங்களாக்கா?"

"இல்லடி. வா, போவலாம்."

"ஏன்க்கா, வேணாமாமா?"

"நான்தான் வேணாம்னுட்டேன்."

அழுவாள் என்று அமராவதி நினைத்தாள். கட்டிக்கொள்வாள் என்றுகூட நினைத்தாளாம். சத்யப்பிரியாவுக்குக் கோபம்தான் வந்தது.

"யாரக் கேட்டு வேணான்னக்கா? படம் எடுத்தப்ப என்னக் கேட்ட, சரின்னேன். இப்ப நானா வரேன்னு வந்தேன். என்ன ஒரு வார்த்த கேட்டியா? நல்ல பேரு வாங்கிக்கிட்டு நீ எறங்கி வந்துட்ட. அன்னிக்கு கோர்ட்டுல எம் பக்கத்துல யாரு வந்து ஒக்காருவா? சொல்லு, யாரு வருவா?"

அந்தத் தேதி இன்னும் வரவில்லை, இதை எழுதி முடிக்கும் இன்றுவரை கம்பெனியிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. உங்கள் ஊரிலும் ஒரு கோர்ட் இருக்கும். அதன் வராந்தாவில் காலையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருப்பாள். என்ன நடந்தது என்று கேட்காமல் அவள் பக்கத்தில் போய் உட்கார உங்களால் முடியுமா? முடியும் என்றால் மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். முடியாது என்றால், இந்தக் கதையைப் படித்துக் கண் கலங்கியதாக யாரிடமும் சொல்லித் தொலைக்காதீர்கள்.